லியர் மன்னன் நாடகத்தில் பெயரில்லாத ஒரு வேலைக்காரன்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற மேடையில் ஷேக்ஸ்பியருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கூட்டத்துக்கு அழைத்த தோழரும் தொலைபேசியில் இதையேதான் கேட்டார். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திப் பிழைப்பவன். பாடத்திட்டத்தில் லியர் மன்னன் நாடகம் வரும்போதெல்லாம் தேர்வில் கேட்கப்படும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். லியரின் குணச்சித்திரம் வரைக, கார்டிலியாவின் மௌனத்தை விளக்குக, கோமாளியின் பங்கு யாது, கென்ட்டின் விசுவாசத்தை மதிப்பிடுக. இந்த நாடகத்தில் ஓர் அநியாயத்தை வாளெடுத்துத் தடுத்த முதல் மனிதனைப் பற்றி ஒரு கேள்வியும் வந்து நான் பார்த்ததில்லை. அவனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவனுக்குப் பெயர் கிடையாது. அச்சுப் புத்தகங்களில் 'முதல் வேலைக்காரன்' என்று மட்டும் இருக்கும். பேசுவது எட்டு ஒன்பது வரி. மேடைக்கு வந்த சிறிது நேரத்தில் செத்துப்போகிறான்.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். கிழட்டு அரசன் லியர் தன் நாட்டை மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறான். முகஸ்துதி பாடிய மூத்தவள் கானரிலுக்கும் அடுத்தவள் ரீகனுக்கும் நாடு கிடைக்கிறது. உள்ளதைச் சொன்ன கடைசி மகள் கார்டிலியா விரட்டப்படுகிறாள். பிறகு மூத்த மகள்கள் இருவரும் அப்பனைப் புயல் மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். குளோஸ்டர் என்ற பிரபு அரசனுக்கு ரகசியமாக உதவுகிறார். அவருடைய மகன் எட்மண்ட் பதவி ஆசையில் அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். ரீகனின் கணவன் கார்ன்வால் கோமகன் அவரைப் பிடித்துவரச் சொல்கிறான். நாம் பார்க்கவேண்டிய காட்சி இதுதான். மூன்றாம் அங்கம், ஏழாம் காட்சி.

இடம் குளோஸ்டரின் சொந்த வீடு. விருந்தாளியாக வந்த கார்ன்வால் வீட்டுக்காரரையே நாற்காலியில் கட்டச் சொல்கிறான். அதற்கு முன்னால் அவன் சொல்லும் ஒன்றைக் கவனியுங்கள். முறையான விசாரணை இல்லாமல் இவருடைய உயிரை எடுக்க முடியாது. ஆனாலும் நம் கோபத்துக்கு நம் அதிகாரம் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஊர் குறை சொல்லலாம், தடுக்க முடியாது. இதுதான் அவன் பேச்சின் சாரம். சட்டம் என்ன சொல்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தன்னைத் தடுக்க ஆளில்லை என்பதும் தெரியும். ஆதிக்கம் செய்கிறவர்கள் சட்டம் தெரியாமல் செய்வதில்லை என்பதை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாடகக்காரர் எழுதி வைத்திருக்கிறார்.

ரீகன் கிழவரின் தாடியைப் பிடித்து இழுக்கிறாள். விசாரணை நடக்கிறது. அரசரை ஏன் டோவருக்கு அனுப்பினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். உன் நகங்கள் அந்தக் கிழவனின் கண்களைப் பிடுங்குவதைப் பார்க்க எனக்கு மனமில்லை என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டு, வேலைக்காரர்களிடம் நாற்காலியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கார்ன்வால் அவருடைய ஒரு கண்ணைப் பிடுங்குகிறான். இன்னொன்றையும் பிடுங்கு என்கிறாள் ரீகன்.

அப்போதுதான் ஒரு வேலைக்காரன் கார்ன்வாலைப் பார்த்து, கையை நிறுத்துங்கள் பிரபுவே என்கிறான். சின்னப் பிள்ளையிலிருந்து உங்களுக்கு ஊழியம் செய்திருக்கிறேன், இப்போது உங்களை நிறுத்தச் சொல்வதைவிட மேலான ஊழியம் எதையும் நான் செய்ததில்லை என்கிறான்.

இதில் ஒரு சங்கடமான விஷயம் இருக்கிறது. நாற்காலியைப் பிடித்தவர்களில் இவனும் ஒருவனா? எந்தக் கை எங்கே இருந்தது என்று நாடகம் பிரித்துச் சொல்லவில்லை. அதை இயக்குநர்தான் தீர்மானிக்க வேண்டும். இவனும் பிடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதல் கண் போகும்வரை இவன் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். இவனை அப்பழுக்கில்லாத வீரனாக்கிச் சிலை வைக்கிற வேலை எனக்கு வேண்டாம். பிறந்து வளர்ந்ததிலிருந்து கட்டளைக்குக் கீழ்ப்படிவது ஒன்றையே தெரிந்துகொண்ட ஒருவனுக்கு, இல்லை என்று சொல்ல ஒரு கண் போகிற நேரம் தேவைப்பட்டிருக்கிறது. அவ்வளவு கெட்டியாக அவனைக் கட்டி வைத்திருந்தார்கள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அவன் பேசுகிற சொல்லையும் பாருங்கள். விடுதலை, நீதி, உரிமை எதுவும் அவன் வாயில் வரவில்லை. அவன் கையில் இருக்கிற ஒரே சொல் ஊழியம். எசமான் கற்றுக்கொடுத்த சொல் அது. அதையே எடுத்து எசமானுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறான். அம்பேத்கர் 1936-ல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் விதிக்கும் கொள்கைக்கும் வித்தியாசம் சொல்வார். விதிப்படி நடப்பவன் இயந்திரம்போல நடக்கிறான். கொள்கைப்படி நடப்பவன் தான் செய்வது இன்னதென்று அறிந்து, அதற்குப் பொறுப்பேற்று நடக்கிறான். இந்து மதம் என்பது பெரும்பாலும் விதிகளின் தொகுப்பு என்பது அவருடைய வாதம். லாகூர் மாநாட்டை நடத்தவிருந்தவர்கள் பயந்துபோய்க் கூட்டத்தையே ரத்து செய்ததால் அந்த உரை பேசப்படாமலே புத்தகமானது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பகுதியை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேலைக்காரன்தான் நினைவுக்கு வருவான். ஊழியம் என்ற விதி, ஊழியம் என்ற கொள்கையாக ஒரு மனிதனுக்குள் மாறுகிற நிமிடத்தை மேடையிலேயே பார்க்கிறோம்.

உடனே ரீகன் அவனை நாய் என்கிறாள். உனக்குத் தாடி இருந்தால் இந்தச் சண்டையில் நான் அதைப் பிடித்து உலுக்குவேன் என்கிற மாதிரி அவன் பதில் கொடுக்கிறான். சற்று முன்புதான் அவள் ஒரு கிழவரின் தாடியை இழுத்தாள், நினைவிருக்கட்டும். அடுத்தது கார்ன்வாலின் முறை. அவன் வாயிலிருந்து வருவது 'என் வில்லனே' என்கிற சொல். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நமக்கு வில்லன் என்றால் நம்பியார் முகம்தான் ஞாபகம் வரும். சினிமா வழியாக அந்தச் சொல் தமிழாகவே ஆகிவிட்டது. அதன் பூர்வீகம் வேறு. வில்லா என்றால் லத்தீனில் பண்ணை, பண்ணை வீடு. அந்தப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்தவன் வில்லன். இடைக்கால இங்கிலாந்தில் அவன் பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக்கொடுக்கவும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். 1381-ல் இங்கிலாந்து விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது இந்த முறையை ஒழிக்கச் சொன்னது அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. ஷேக்ஸ்பியர் காலத்தில் அந்த அடிமை முறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது, கெட்டவன் என்ற பொருளில். நிலத்தில் உழைத்தவனின் பெயர் அயோக்கியனின் பெயராகிவிட்டது. கார்ன்வால் 'என்' என்று சேர்த்துச் சொல்லும்போது இரண்டு பொருளும் ஒலிக்கிறது. அயோக்கியனே என்றும் கேட்கிறது, என் பண்ணையாளே என்றும் கேட்கிறது.

இது நமக்குப் புதிதா? தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் உலகம் முழுக்க அறியப்பட்ட ஒன்று பறையர் என்ற பெயர். அங்கே அதற்கு ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்று பொருள். ஒரு நாடு உலக அரங்கில் ஒதுக்கப்பட்டால் இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் கூச்சமில்லாமல் அந்தச் சொல்லை எழுதுகின்றன. பறை அடித்தவனின் பெயரை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு வசைச்சொல்லாக்கியது. நிலம் உழுதவனைக் குறித்த வசைச்சொல்லை நாம் அங்கிருந்து வாங்கிச் சினிமாவில் வைத்துக்கொண்டோம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரண்டு பக்கமும் நட்டம் உழைத்தவனுக்குத்தான்.

காட்சிக்குத் திரும்புவோம். வாள்சண்டை நடக்கிறது. கார்ன்வாலுக்கு வயிற்றிலோ மார்பிலோ, எங்கோ ஆழமான காயம். ஒரு வேலைக்காரன் நேருக்கு நேர் நின்று கோமகனை வெட்டிவிட்டான். ரீகனின் அதிர்ச்சி அப்போது என்னவாக இருக்க வேண்டும்? புருஷனுக்குக் காயம் பட்டுவிட்டதே என்றுதானே? அவளுக்கு அது முதலில் உறைக்கவில்லை. ஒரு பண்ணையாள் இப்படி நிமிர்ந்து நிற்பதா என்பதுதான் அவள் வாயில் வருகிறது. ஆங்கிலத்தில் அவள் பயன்படுத்தும் சொல்லைக் குடியானவன் என்று மொழிபெயர்க்கத் தோன்றும். நம் ஊரில் குடியானவன் தெரு எது, சேரி எது என்று தெரிந்தவர்கள் அப்படி மொழிபெயர்க்க மாட்டார்கள். அதனால் பண்ணையாள் என்கிறேன். அவளுடைய கோபம் முழுக்க அவன் நின்ற விதத்தின்மேல்தான். செருப்புப் போட்டு நடந்தான், துண்டைத் தோளில் போட்டான், தெருவில் சைக்கிளைவிட்டு இறங்காமல் போனான் என்பதற்காக வந்த கோபங்களைப் பார்த்த நமக்கு ரீகனைப் புரிந்துகொள்ள உரைநூல் தேவையில்லை.

அவள் ஒரு வாளை வாங்குகிறாள். பின்னால் ஓடிவந்து அவனைக் குத்துகிறாள். 1608-ல் வந்த முதல் அச்சுப் பிரதியின் மேடைக் குறிப்பிலேயே பின்னாலிருந்து என்று இருக்கிறது. அந்த வாள் யாருடையது? உன் வாளைக் கொடு என்று அவள் கேட்பது அங்கே நிற்கிற இன்னொரு ஆளிடம். அவன் எடுத்து நீட்டினானா, அவளே உருவிக்கொண்டாளா என்பது நடிப்பவர்களைப் பொறுத்தது. எப்படியானாலும் வேலைக்காரனைக் கொன்ற வாள் இன்னொரு ஊழியனின் கையில் இருந்து வந்த வாள். பல மேடைகளில் இதை ஒரு நொடியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இந்தக் காட்சியிலேயே தாங்க முடியாத இடம் இதுதான். கண் பிடுங்குவதைக்கூடப் பார்த்துவிடலாம்.

சாகும்போது அவன் குளோஸ்டரிடம், உங்களுக்கு இன்னும் ஒரு கண் இருக்கிறது, இவனுக்கு நேர்ந்த கேட்டை அதால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்கிறான். அதைக் கேட்ட கார்ன்வால் அந்தக் கண்ணையும் பிடுங்கிவிடுகிறான். பிறகு ரத்தம் ஒழுக ஒழுக இரண்டு உத்தரவு போடுகிறான். குருடனை வாசலுக்கு வெளியே துரத்துங்கள். இந்த அடிமையை எருக்குப்பையில் தூக்கிப் போடுங்கள். வேலைக்காரனுக்குச் சவக்குழிகூடக் கிடையாது. சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நாடகம் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் 1606 டிசம்பர் 26 அன்று நடிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் வேலைக்காரன் எசமானைக் கொன்றால் அது வெறும் கொலையல்ல. 1351-ல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் வந்த சட்டத்தின்படி அது சிறு ராஜதுரோகம். மனைவி கணவனைக் கொன்றாலும், பாதிரியார் தன் மேலதிகாரியான குருவைக் கொன்றாலும் அதே குற்றம்தான். எசமான் வேலைக்காரனைக் கொன்றால் அது சாதாரணக் கொலை வழக்கு. கணவன் மனைவியைக் கொன்றாலும் அப்படியே. அரசனுக்கு எதிராக நாடு கிளம்புவதும், எசமானுக்கு எதிராக வேலைக்காரன் கிளம்புவதும், கணவனுக்கு எதிராக மனைவி கிளம்புவதும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. இந்தக் குற்றத்துக்குப் பெண்களை எரித்துக் கொல்லும் தண்டனை 1790 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. சட்டப் பிரிவே ஒழிந்தது 1828-ல்தான்.

மனுவின் எட்டாம் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இந்தத் தராசு பழக்கமானது. கீழோன் எந்த உறுப்பால் மேலோனைத் தாக்குகிறானோ அந்த உறுப்பை வெட்டு என்கிற இடம் அது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்து வேலைக்காரனின் மகன் வியாபாரியாகலாம், அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறப்போடு ஒட்டிய தீட்டு அங்கே இல்லை. ஆனால் ஒரே செயலைச் செய்தவன் யார், யாருக்குச் செய்தான் என்று பார்த்துத் தண்டனையை ஏற்றி இறக்குகிற மூளை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேலைக்காரன் எசமானை வெட்டுவதை, அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில், அரசன் முன்னால், பார்ப்பவர்கள் வேலைக்காரன் பக்கம் நிற்கும்படி நடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1607-ல், மத்திய இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலியடைத்துப் பிடுங்கியதை எதிர்த்து ஏழை விவசாயிகள் வேலிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். அது ஷேக்ஸ்பியரின் சொந்த மாவட்டமான வார்விக்‌ஷயர் வரை பரவியது.

தண்டனையின் ஏற்ற இறக்கத்தை நாடகத்துக்குள்ளேயே பார்க்கலாம். முதல் காட்சியில் கார்டிலியாவை விரட்டுகிற லியரை எதிர்த்து கென்ட் பேசுகிறார். அரசனுக்குப் பைத்தியம் பிடித்தால் நான் மரியாதை பார்க்க மாட்டேன் என்கிற அளவுக்குப் போகிறார். எசமானின் தவறைத் தடுப்பதே நல்ல ஊழியம் என்ற அதே நியாயம்தான். கென்ட் ஒரு பிரபு. அவருக்குக் கிடைத்தது நாடுகடத்தல், அதுவும் மூட்டை கட்டச் சில நாள் அவகாசத்தோடு. வேலைக்காரனுக்குக் கிடைத்தது முதுகில் வாள், பிறகு எருக்குப்பை. விமர்சகர்கள் கென்ட்டை விசுவாசத்தின் உருவம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். அந்த கென்ட் வேலைக்காரன் வேடம் போட்டுக்கொண்டு வந்து, கானரிலின் ஊழியன் ஆஸ்வால்டைத் திட்டுகிற திட்டைப் படித்துப் பாருங்கள். அவன் உடுத்தும் துணி, கால் உறை, அவன் வாங்கும் கூலி, அவன் பிறப்பு எல்லாவற்றையும் இழுத்து வசைபாடுவார். வேடம் மாறினாலும் பிரபுவின் நாக்கு மாறவில்லை. ஆஸ்வால்ட் மோசமானவன்தான், சந்தேகமில்லை. ஆனால் கென்ட் திட்டுவது அவனுடைய மோசத்தைவிட அவனுடைய தாழ்வை.

அதற்காக கென்ட்டைத் தொழுக்கட்டையில் மாட்டச் சொல்கிறான் கார்ன்வால். அப்போது பதறுகிறவர் யார் தெரியுமா? நம் குளோஸ்டர். அரசரின் தூதனுக்கு இந்தத் தண்டனையா, சில்லறைத் திருட்டு செய்கிற ஈன ஜனங்களுக்கு அல்லவா இது என்று வாதாடுகிறார். தொழுக்கட்டையே கூடாது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆள் மாறிவிட்டது என்பதுதான் அவருடைய வருத்தம். பிறகு அவரைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தவன் அவர் ஈன ஜனம் என்று சொன்ன கூட்டத்திலிருந்து வந்தவன்.

இந்த நாடகத்தில் ஏழைகள் நிறையத் தெரிவார்கள். ஆனால் அதிக நேரம் மேடையில் இருக்கிற வேலைக்காரன் கென்ட் என்கிற பிரபு. அதிக நேரம் மேடையில் இருக்கிற பிச்சைக்காரன் எட்கர், குளோஸ்டரின் மூத்த மகன். கடைசியில் இரண்டு பேரும் வேடத்தைக் களைந்துவிட்டுத் தங்கள் பெயருக்கும் பட்டத்துக்கும் திரும்பிவிடுவார்கள். களைய வேடமில்லாத ஏழைக்குக் கிடைத்தது எட்டு ஒன்பது வரி. புயலில் நனைந்து, வீடில்லாத ஏழைகளை நான் கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்று லியர் உருகுகிற பேச்சு உலகப் புகழ் பெற்றது. முற்போக்கு விமர்சகர்களும் அதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். சோவியத் இயக்குநர் கோசிந்த்சேவ் 1971-ல் எடுத்த படத்தில் திரை முழுக்கப் பிச்சைக்காரர்களையும் நாடோடிகளையும் நடக்கவிட்டிருப்பார், பார்க்க வேண்டிய படம். லியரின் உருக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண்டையின் மனமாற்றத்துக்கு ஒரு முழுக் காட்சி கிடைக்கிறது. பண்ணையாளின் எதிர்ப்பு கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மேல்சாதி மனம் திருந்தினால் தீண்டாமை போய்விடும் என்று காந்தியார் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்பேத்கர் ஏன் அத்தனை எரிச்சல் பட்டார் என்பதை இந்த நாடகத்தை வைத்தே வகுப்பில் விளக்கியிருக்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்த வேலைக்காரன் செய்தது வீண் என்றுதான் பொதுவாக நினைப்பார்கள். இரண்டாவது கண்ணும் போய்விட்டதே, இவனும் செத்துவிட்டானே என்பார்கள். கதையைத் தொடர்ந்து பாருங்கள். அவன் வெட்டிய காயத்தில் கார்ன்வால் செத்துப்போகிறான். நாட்டின் பாதியை ஆண்ட கொடியவன், படை வைத்திருந்தவன், ஒழிந்தான். ரீகன் விதவையாகிறாள். உடனே எட்மண்ட்டைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாள். கானரிலுக்கும் அவன்மேல் கண். அக்காள் தங்கைக்குள் போட்டி முற்றி, கானரில் ரீகனுக்கு விஷம் வைத்துவிட்டுத் தானும் தற்கொலை செய்துகொள்கிறாள். கொடுங்கோலர்களின் கூட்டணி உள்ளிருந்தே உடைகிறது. அந்த முதல் உடைப்பு எங்கே விழுந்தது? எருக்குப்பையில் கிடக்கிறவன் கையில் இருந்த வாளில். கதையைத் திருப்பிய ஆளை நாடகமே மறந்துவிடுகிறது.

மறந்தது எப்படி என்பதையும் காட்டுகிறது. நான்காம் அங்கத்தில் ஒரு தூதன் கானரிலின் கணவன் ஆல்பனியிடம் செய்தி கொண்டுவருகிறான். கோமகன் செத்துவிட்டார், அவரே வளர்த்த வேலைக்காரன் ஒருவன் மனம் பொறுக்காமல் எதிர்த்து நின்று வாளை ஓங்கினான், அவனையும் கொன்றுவிட்டார்கள் என்கிறான். ஆல்பனி நல்லவன். நாடகத்தின் கடைசியில் மிஞ்சுகிற நல்லவர்களில் ஒருவன். அவனுடைய பதில் என்ன? மேலே நீதி வழங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கீழே நடக்கும் குற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழிவாங்கிவிட்டார்கள் என்று கடவுளர்களைப் பாராட்டுகிறான். அடுத்து, ஐயோ குளோஸ்டர், இன்னொரு கண்ணும் போய்விட்டதா என்று கேட்கிறான். வேலைக்காரனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவன் பெயர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. முடிவில் நல்லவர்களுக்கெல்லாம் தக்க கூலி கிடைக்கும் என்று இதே ஆல்பனி அறிவிக்கிறபோதும் அவன் கணக்கில் இல்லை.

கார்ன்வால் அவனை எருக்குப்பையில் போட்டான். ஆல்பனி அவன் செயலை எடுத்துக் கடவுள் கணக்கில் போட்டுவிட்டான். இதில் இரண்டாவது எனக்கு அதிகக் கோபம் தருகிறது. கெட்டவன் செய்வதை எதிர்த்துவிடலாம். நல்லவன் பக்தியோடு செய்கிற திருட்டை எப்படிக் கையும் களவுமாகப் பிடிப்பது? நந்தன் உள்ளே போக முயன்றான் என்பதை மறைத்து, சிவன்தான் நந்தியை விலகச் சொன்னார் என்று கதை சொல்லிப் பழகிய ஊரில் இருக்கிறோம் நாம். எதிர்த்து நின்றவனின் கால் எங்கே என்று தேடினால் அங்கே சாமியின் பாதம் வரைந்திருக்கும்.

ஒருவர் மட்டும் அவனைச் சரியாகப் பார்த்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சி. எஸ். லூயிஸ் என்கிற கிறித்தவ எழுத்தாளர், எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் ஒரு கட்டுரையில், இது நாடகமாக இல்லாமல் நிஜ வாழ்க்கையாக இருந்திருந்தால் நடிப்பதற்கு மிகச் சிறந்த பாத்திரம் இந்தப் பெயரில்லாத வேலைக்காரனுடையதுதான் என்கிற கருத்தை எழுதியிருக்கிறார். கதை எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியாது, கண்முன் நடக்கும் கொடுமை பொறுக்கவில்லை, வாளை உருவினான், அவ்வளவுதான் என்கிறார். அவர் தன் மதக் கருத்துக்காக அதைச் சொல்கிறார். இருந்தாலும் கண் இருக்கிறது மனிதருக்கு.

அந்தக் காட்சியில் மிச்சமிருக்கும் இரண்டு வேலைக்காரர்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1608 பிரதியில், எசமானர்கள் வெளியேறிய பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். இந்த ஆளுக்கு நல்ல கதி கிடைத்தால் நான் இனி எந்தப் பாவத்துக்கும் அஞ்ச மாட்டேன் என்கிறான் ஒருவன். இவள் சாதாரணமாக வயதாகிச் செத்தால் பெண்கள் எல்லாரும் பேயாகிவிடுவார்கள் என்கிற மாதிரி இன்னொருவன் சொல்கிறான் (பெண்களை ஏன் இழுக்கிறான் என்பது தனிப் பேச்சு). பிறகு கிழவருக்கு வழிகாட்ட ஆள் பிடிப்போம் என்கிறார்கள். ஒருவன் ரத்தம் வடியும் முகத்துக்கு வைக்க ஆளிநாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவரப் போகிறான். சமையலறைப் பொருள், வேலைக்காரர்களுக்குத் தெரிந்த கை வைத்தியம்.

1623-ல் வந்த பெருந்தொகுப்பில் இந்த உரையாடல் இல்லை. யார் வெட்டினார்கள், ஷேக்ஸ்பியரே வெட்டினாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பீட்டர் புரூக் 1962-ல் பால் ஸ்கோஃபீல்டை லியராக வைத்துப் போட்ட பேர்பெற்ற தயாரிப்பிலும் இதை வெட்டிவிட்டார். கண்ணிழந்த குளோஸ்டர் தடுமாறிப் போகும்போதே அரங்கின் விளக்குகளைப் போட்டுப் பார்வையாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி செய்தார். உலகம் இரக்கமற்றது என்று காட்டுவது அவர் நோக்கம். பெரிய கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் உலகம் இரக்கமற்றது என்று நிரூபிக்க வேலைக்காரர்களின் இரக்கத்தைத்தானே வெட்ட வேண்டியிருந்தது? மேல்தட்டின் கொடுமையை வைத்துக்கொண்டு கீழ்த்தட்டின் கருணையை எடுத்துவிட்டு, இதுதான் மனித இயல்பு என்றால் எப்படி?

ரீகனின் கைக்குப் போன வாள் இந்த இருவரில் ஒருவனுடையதாக இருந்திருக்கலாம். அப்படியானால் வாளைக் கொடுத்த அந்தக் கைதான் கொஞ்ச நேரத்தில் முட்டை உடைத்து வெள்ளைக்கரு எடுக்கிறது. அந்த ஆளைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். நாற்காலியைப் பிடித்திருக்கிறான், வாளைக் கொடுத்திருக்கிறான், தன் கூட்டாளி செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறான், பிறகு மருந்து எடுக்க ஓடுகிறான். அவனைத் துரோகி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாமா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். வகுப்பு அன்று மணி அடித்த பிறகும் கலையவில்லை.

நாடகத்தைப் படிக்காத தோழர்கள் முதல் காட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்றாம் அங்கம் ஏழாம் காட்சியை மட்டும் ஒரு நாள் மாலை நான்கைந்து பேர் சேர்ந்து உரக்கப் படித்துப் பாருங்கள். 1608 பிரதியின் வசனங்களையும் சேர்த்த பதிப்பாக வாங்குங்கள். யார் எந்த வேலைக்காரனாகப் படிப்பது என்று பிரிக்கும்போதே வாள் யாரிடம் இருக்கிறது என்ற பிரச்சினை வந்துவிடும். கேள்விகள் இருந்தால் இப்போது பேசலாம்.